ஆளில்லாத ஆறு: தாமிரபரணியும் நம் கேமராக்களும்

தாமிரபரணியின் ஒரு படம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்டாகிராமில் ஆற்றின் பேரைப் போட்டுத் தேடினால் முதல் பத்துக்குள் வந்துவிடும். விடியற்காலை. கல்மண்டபம் ஒன்று பாதி நீருக்குள் நிற்கிறது. தண்ணீர் தண்ணீர் மாதிரியே இல்லை, பாலாடை விரித்தது போல வழுவழுவென்று கிடக்கிறது. வானத்தில் ஆரஞ்சும் ஊதாவும். தூரத்தில் பொதிகை. ஆள் என்று ஒருத்தர் இல்லை.

குறுக்குத்துறையில் எடுத்தாலும் இதே படம்தான். பாபநாசத்தில் எடுத்தாலும், சேரன்மகாதேவியில் எடுத்தாலும், திருப்புடைமருதூரில் எடுத்தாலும் இதே படம்தான். எடுப்பவர்கள் மோசமான ஆட்கள் இல்லை. பாதிப்பேர் கல்யாண வேலைக்காகக் கடன் வாங்கி கேமரா வாங்கிய பையன்கள், மீதிப்பேர் ஐ.டி.யில் வேலை பார்த்துக்கொண்டு லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள். நாலு மணிக்கு எழுந்து, டிரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு போவதற்கு ஆற்றின் மேல் ஆசை இல்லாமல் முடியாது. தொழில்நுட்பமாகவும் அந்தப் படங்களில் பெரிய குறை சொல்ல முடியாது. ஹொரைசன் நேராக இருக்கிறது, ஃபோகஸ் கூர்மையாக இருக்கிறது.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். காலை ஆறு மணிக்குத் தாமிரபரணியின் எந்தப் படித்துறை காலியாக இருக்கிறது? குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், திதி கொடுக்கிறவர்கள், எருமையைக் கழுவுகிறவர்கள், சும்மா உட்கார்ந்து பல் விளக்குகிறவர்கள்... இவ்வளவு பேரும் எங்கே போனார்கள்?

ஷட்டர் தின்ற மனிதர்கள்

விடை கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாலாடைத் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்தால் போதும்.

விடியல் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 11 என்று வைத்தால், ஷட்டர் வேகம் ஏறத்தாழ 1/15 நொடி வரும். இப்போது லென்ஸுக்கு முன்னால் ஒரு என்டி ஃபில்டர் மாட்டுகிறோம். கேமராவுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி அது. பத்து ஸ்டாப் ஃபில்டர் என்றால் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அதை ஈடுகட்ட ஷட்டர் ஆயிரம் மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். 1/15 நொடி இப்போது ஒரு நிமிஷத்தைத் தாண்டிவிடுகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் ஓடுகிற தண்ணீரின் எல்லா அலைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, சராசரியாகி, பனிமூட்டம் போல ஆகிவிடும்.

அதே ஒரு நிமிஷத்தில் மனிதர்களும் சராசரியாகிவிடுவார்கள். ஃப்ரேமின் ஓர் இடத்தை மூன்று நொடியில் கடந்துபோகிற ஆள், அந்த இடத்தின் மொத்த வெளிச்சத்தில் இருபதில் ஒரு பங்குதான். படத்தில் தெரியவே மாட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று முங்கி எழுகிறவர் ஒரு சாம்பல் தீற்றலாக மிஞ்சுவார். அந்தத் தீற்றலையும் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து துடைத்துவிடுவார்கள். நகராத கல் மட்டும் நிலைக்கும்.

இது புதிய விஷயம் இல்லை. 1838இல் பாரிஸில் தாகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு தெருவைப் படமெடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரிசலான தெரு. படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. எக்ஸ்போஷர் அவ்வளவு நீளம். ஓரத்தில் ஒரே ஒருவர் மட்டும் கால் தூக்கி நிற்பது தெரிகிறது. செருப்புக்குப் பாலிஷ் போடுவதற்காக அசையாமல் நின்றதால் அவர் தப்பித்தார். புகைப்படத்தில் பதிவான முதல் மனிதர் அவர்தான் என்று சொல்வார்கள். கீழே குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவரோ கலங்கலாகத்தான் தெரிகிறார். நின்றவர் பதிவானார், உழைத்தவர் கலைந்துபோனார்.

தாகேருக்கு வேறு வழி கிடையாது. அவர் கைவசம் இருந்த ரசாயனம் அவ்வளவுதான். நமக்கு 1/4000 நொடி வரை போகிற ஷட்டர் இருக்கிறது. காசு கொடுத்து ஃபில்டர் வாங்கி, முயற்சி எடுத்து, 1838க்குத் திரும்பிப் போகிறோம். அன்றைக்கு அது இயலாமை, இன்றைக்கு நாம் செய்கிற தேர்வு. தேர்வு என்றால் அதை விமர்சிக்கலாம்.

சாம்பல்தான் சரி என்கிற மீட்டர்

கேமராவுக்கு உள்ளேயும் சில தேர்வுகள் நம்மைக் கேட்காமலே நடக்கின்றன. எக்ஸ்போஷர் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தன் முன்னால் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அதற்குத் தெரியாது. உலகம் மொத்தமும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் என்பதுதான் அதன் நம்பிக்கை. மாஞ்சோலையில் ஃப்ரேம் முழுக்க மூடுபனி இருந்தால், 'இவ்வளவு வெளிச்சம் ஆகாது' என்று அதை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். பனி பனியாகத் தெரிய நாம் ஒரு ஸ்டாப் கூட்டிவைக்க வேண்டும். வெயிலில் காய்ந்த கறுத்த தோலுடைய ஒரு முகம் ஃப்ரேமை நிறைத்தால், 'இவ்வளவு இருட்டு ஆகாது' என்று அதை வெளுப்பாக்கும். அதே ஆள் வெள்ளை வேட்டி கட்டி, வெள்ளை வானத்துக்கு முன்னால் நின்றாலோ முகம் கருகி நிழலாகிவிடும்.

இரண்டுமே திருநெல்வேலியில் தினசரி நடக்கிற விபத்துகள். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை எடுத்துப் பாருங்கள். ஃப்ரேமில் பாதி வானம், பாதி வேட்டி. மீட்டர் சொன்னபடி கேட்டால் தேர் அழகாக விழும், இழுக்கிறவர்களின் முகம் விழாது. 'பரவாயில்லண்ணே, சில்லவுட் மாதிரி நல்லாத்தான் இருக்கு' என்று அதற்கும் ஒரு பேர் வைத்துவிடுகிறோம். வழி சிக்கலானதல்ல. ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்துப் படித்து, நிறத்துக்கு ஏற்ப கொஞ்சம் குறைத்து, வானம் வெளுத்தால் வெளுக்கட்டும் என்று விட வேண்டும். வானமா முகமா, எதை இழப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் முகம் என்றே பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

கறுத்த தோலைக் கருவி எப்படி நடத்துகிறது என்பதற்கு ஒரு சரித்திரமே உண்டு. கலர் பிரிண்ட் சரியாக வந்திருக்கிறதா என்று லேபில் ஒப்பிட்டுப் பார்க்க கோடாக் நிறுவனம் 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படங்களை அனுப்பியது. பல பத்தாண்டுகள் அந்த அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் தோல் சரியாக வந்தால் கலர் சரி. மற்ற தோல்கள் எப்படி வந்தாலும் சரி. நம் ஊர் ஸ்டுடியோவின் 'பளிச்சுன்னு' ஆக்கும் மென்பொருளுக்கும் அந்த அட்டைக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

கிருஷ்ணாபுரத்து விலா எலும்பு

திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் இருக்கிறது. நாயக்கர் காலச் சிற்பங்கள். குறவன், குறத்தி, கர்ணன், அர்ஜுனன் என்று ஆளுயரத் தூண் சிற்பங்கள். வெளிச்சம் என்றால் என்ன என்று படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்த வட்டாரத்தில் கிடையாது. கேமராவைத் தூக்கிய பலரும் அங்கே ஒருமுறையாவது தோற்றிருப்பார்கள்.

மண்டபத்துக்குள் இருட்டு, வெளியே கண் கூசும் வெயில். முதலில் கை போவது ஃப்ளாஷுக்கு. கேமரா தலையில் இருக்கிற ஃப்ளாஷ் சிற்பத்துக்கு நேர் எதிரே நின்று அடிக்கிறது. நிழல் எல்லாம் சிற்பத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. நிழல் இல்லையென்றால் மேடு பள்ளம் இல்லை. இழுத்துப்பிடித்த நரம்பு, மூச்சடக்கிய விலா எலும்பு, விரல் நகம் என்று சிற்பி உளிவைத்த எல்லாமே தட்டையாகி, சிமெண்ட் பொம்மை போல ஆகிவிடும்.

ஃப்ளாஷை மூடிவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். 18-55 கிட் லென்ஸ் இங்கே திணறும், 55இல் அதன் அபெர்ச்சர் 5.6க்கு மேல் திறக்காது. ஆறேழாயிரத்துக்கே கிடைத்த எளிய 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் 1.8இல் மூக்கு கூர்மையாக இருந்தால் காது கலங்கும். சிற்பம் முழுவதும் தெளிவாக வேண்டுமென்றால் திரும்பவும் எஃப் 8, திரும்பவும் நீண்ட ஷட்டர். என்டி ஃபில்டர்காரர்கள் ஆற்றில் செலவழிக்கிற அதே நேரத்தை இங்கே செலவழித்தால் நியாயம். கல் எப்படியும் அசையாது. ஒரு உத்தி தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எதன் முன்னால் அதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

திருநெல்வேலியில் பிறந்த ஒரு கறுப்பு வெள்ளைக்காரர்

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒருவர் திருநெல்வேலியில் பிறந்தவர் என்பது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். அவருடைய கடைசிப் பிள்ளை மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்து, 1996இல் இறக்கும்வரை நிறுத்தாமல் எழுதியவர். இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். தமிழிலும் எழுதினார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' அவருடைய தமிழ்க் கட்டுரைகள்தான்.

கிருஷ்ணன் எடுத்தது கறுப்பு வெள்ளையில். கேமராவோ வெவ்வேறு கேமராக்களின், லென்ஸ்களின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய ஒரு வினோத ஜந்து. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பேர் வேறு வைத்திருந்தார். ஆட்டோஃபோகஸ் கிடையாது. நொடிக்குப் பத்து படம் கிடையாது. எடுத்தது விழுந்ததா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளத் திரையும் கிடையாது. கால்நடையாகவும் வளர்ப்பு யானை மேலேறியும் போய் எடுத்தார்.

இந்தக் கதையை 'அந்தக் காலத்து ஆட்கள் எப்பேர்ப்பட்டவர்கள்' என்று கண்ணீர் விடுவதற்காகச் சொல்லவில்லை. அவர் படங்களைப் பாருங்கள். மிருகம் பெரும்பாலும் சாகசம் எதுவும் செய்வதில்லை. யானைக்கூட்டம் நிற்கிறது, மேய்கிறது, சந்தேகமாகப் பார்க்கிறது. சுற்றிலும் காடு இருக்கிறது. என்ன புல், என்ன மரம் என்று தாவரவியல் படித்த அந்தக் கண்ணுக்குத் தெரியும். படத்தோடு எழுத்தும் வரும். பார்த்து, அறிந்து, பிறகு எடுத்த படங்கள் அவை. இப்போது நாம் எடுத்துவிட்டு, பிறகு அது என்ன பறவை என்று ஆப்பிடம் கேட்கிறோம்.

கூந்தன்குளத்துக்குப் போனால் வித்தியாசம் புரியும். நாங்குநேரிப் பக்கத்துச் சிறிய ஊர். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு மேல் நிற்கிற மரங்களில் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் விழுந்த குளத்து மண் வயலுக்கு உரமாகும். பறவை வந்தால் மழை வரும், வராவிட்டால் ஊருக்கு ஆகாது.

இந்த ஊரின் படங்கள் எப்படி இருக்கின்றன? 150-600 லென்ஸ், அதன் கடைசி முனையான 600. பறவை மட்டும். பின்னால் கரைந்த பச்சை. இறகின் ஒவ்வொரு நாரும் எண்ணலாம். அருமையான படம், ஆனால் இதே பறவையை வேறெந்த ஏரியிலும் இதே மாதிரி எடுக்கலாம். கூந்தன்குளத்தில் மட்டும் கிடைக்கக்கூடியது ஓட்டு வீடும், கொடியில் காயும் சேலையும், அதற்கு மேலே குஞ்சுக்கு இரை ஊட்டுகிற நாரையும் ஒரே ஃப்ரேமில். அதற்கு ஒரு லட்ச ரூபாய் லென்ஸ் தேவையில்லை. 35 மிமீ போதும், கிட் லென்ஸே போதும். டெலி லென்ஸ் தூரத்தைக் குறைக்கிறது என்று நினைக்கிறோம். கூந்தன்குளத்தில் அது பறவைக்கும் மனிதனுக்கும் நடுவே இல்லாத தூரத்தை உண்டாக்குகிறது.

கிருஷ்ணனை இங்கே முழுதாகத் தப்பவிடவும் கூடாது. அவருடைய காட்டுப் படங்களிலும் மனிதர்கள் அநேகமாக இல்லை. காடு என்றால் ஆளற்ற இடம் என்ற பார்வையை வலுப்படுத்தியதில் அவர் தலைமுறைக்குப் பங்குண்டு. 1988இல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறையில் காணிகள் வாழ்கிறார்கள். அதே மலைமேல், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், மாஞ்சோலைத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தார்கள். 2028இல் குத்தகை முடியும். அதற்கு முன்பே 2024இல் விருப்ப ஓய்வு என்ற பேரில் அவர்கள் இறங்கச் சொல்லப்பட்டார்கள். அந்த வருடமும் மாஞ்சோலை என்று தேடினால் வந்தவை மூடுபனி, தேயிலைச் சரிவு, வளைந்த ரோடு. பூட்டிக் கிடந்த லயன் வீடுகளை எடுத்தவர்கள் கொஞ்சப்பேர்தான்.

மோசமான படங்களின் அவசியம்

அந்த மாஞ்சோலைக்காரர்களிடம் தாமிரபரணியின் வேறொரு படம் இருக்கிறது.

1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் ஊர்வலம் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி. ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. அன்றைக்குக் கரையில் கேமராக்கள் இருந்தன. தண்ணீருக்குள் நிற்கிறவர்கள், கரையில் லத்தியோடு நிற்கிறவர்கள் எல்லாம் பதிவானார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளைப் பற்றியது. திருநெல்வேலியில் 'காஞ்சனை' என்ற பேரில் திரைப்பட இயக்கம் நடத்தியவர் அவர். நல்ல சினிமாவைப் பார்க்கப் பழகிய ஒரு கண், தன் ஊர் ஆற்றில் நடந்ததைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

புகைப்பட வகுப்பில் இந்த மாதிரிப் பதிவுகளைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? கை ஆடுகிறது, ஹொரைசன் சாய்கிறது, உச்சி வெயில், ஃப்ரேமிங் இல்லை. எல்லாம் சரி. ஓடுகிற கூட்டத்தோடு ஓடிக்கொண்டு எடுக்கிறவருக்கு கோல்டன் அவர் கிடையாது. ஆனால் 'அவர்களாகவே தண்ணீரில் விழுந்தார்கள்' என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாதபடி செய்தவை இந்தப் படங்கள்தான். ஷட்டர் வேகமாக மூடியது, ஆகவே மனிதர்கள் மனிதர்களாகவே பதிவானார்கள். இதே இடத்தில் ஒரு நிமிஷ எக்ஸ்போஷர் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அமைதியான ஆறு.

2023 டிசம்பர் வெள்ளத்திலும் இதுதான் நடந்தது. குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கி நிற்கும் படம் வழக்கம்போல நன்றாக வந்தது, நன்றாகச் சுற்றியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்கள் போனில் எடுத்த நடுங்கும் காட்சிகள்தான் உதவி எங்கே வேண்டும் என்று சொல்லின. கேமராவுக்கு மழைக்கவர் போடுவது எப்படி, குளிர்ந்த மாஞ்சோலையிலிருந்து புழுக்கமான அம்பாசமுத்திரத்துக்கு இறங்கும்போது லென்ஸில் ஆவி படியாமல் பையை மூடியே வைத்திருப்பது எப்படி என்றெல்லாம் கஷ்டமான சூழல் பற்றி நிறையச் சொல்லித்தருகிறார்கள். இவை எல்லாம் கேமராவின் கஷ்டங்கள். எதிரே நிற்கிற ஆளின் கஷ்டமும் படமெடுப்பவர் சமாளிக்க வேண்டிய சூழல்தான் என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

ஒரு மறுப்பு வரும். 'எல்லாப் படமும் போராட்டப் படமாக இருக்கணுமா? அழகா ஒரு ஆறு எடுக்கக் கூடாதா?' எடுக்கலாம். அழகுக்கும் வேலை உண்டு. மணல் கொள்ளைக்கு எதிராக நல்லகண்ணு வழக்குப் போட்டு, 2010இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை வாங்கியபோது, அதன் பின்னால் ஆற்றை ஆறாகப் பார்க்க ஆசைப்பட்ட ஜனங்கள் இருந்தார்கள். ஆனால் ஆளையும் அழுக்கையும் துடைத்தால்தான் ஆறு அழகு என்று படம் திரும்பத் திரும்பச் சொன்னால், பார்க்கிறவர் நேரில் படித்துறைக்கு வரும்போது அங்கே சோப்புப் போட்டுத் துவைக்கிற அக்காவைத் தொந்தரவாகத்தான் பார்ப்பார். ஃப்ரேமிலிருந்து துடைத்துப் பழகியவர்களுக்கு இடத்திலிருந்து துடைப்பதும் சாதாரணமாகிவிடும்.

புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. ஃபில்டரைப் பையிலேயே வைத்துவிட்டு, 50 மிமீ லென்ஸோடு, 1/250இல், சுலோசன முதலியார் பாலத்துக்குக் கீழே ஒரு மாசம் காலையில் போய் நில்லுங்கள். முதல் வாரம் எல்லோரும் உங்களை முறைப்பார்கள். இரண்டாவது வாரம் 'எந்த பேப்பர்லே?' என்று கேட்பார்கள். மூன்றாவது வாரம் யாராவது ஒரு அண்ணாச்சி, 'ஏலே, அங்கனக்குள்ள நின்னா வெளிச்சம் நல்லா விழும்' என்று இடம் காட்டுவார். அவர் சொல்கிற இடத்தில் நின்று அவரையே எடுங்கள். முகத்தில் மீட்டர் வைத்து.